கடல் இருந்த தெரு: சிங்கப்பூரில் ஒரு புகைப்பட நடைக்கான திட்டம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக சிங்கப்பூர் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கையில் கிடைத்தது. 'சைனாடவுனில் படம் எடுக்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியலை போனில் இறக்கி வைத்துக்கொண்டு பதினொரு மணிக்குக் கிளம்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று மணி நேரத்தில் முன்னூறுக்கும் மேலே படங்கள். கோபுரம், சீனக் கூரை, பள்ளிவாசல் மினார், சிவப்பு விளக்குகள் எல்லாம் இருந்தன. ஹோட்டலுக்கு வந்து பார்த்தால் எல்லாமே அஞ்சலட்டை மாதிரி இருந்தது. எந்தப் படமும் எனக்கு எதையும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், இன்னும் கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். மூன்றும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. ஏன்?

நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம் பக்கம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு 'சபுராளி வீடு' இருந்தது. கப்பலேறி அக்கரைச் சீமைக்குச் சம்பாதிக்கப் போனவரின் வீடு என்று அர்த்தம். சின்ன வயசில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேனே தவிர, அந்த மனுஷர் எங்கே போய் இறங்கியிருப்பார் என்று யோசித்ததே கிடையாது. அதனால் இந்தக் கேள்வியை அப்படியே விட மனசு வரவில்லை.

வரைபடத்தை மேலே போட்டுப் பார்த்தால்

ஊருக்குத் திரும்பியதும் எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். ஜார்ஜ் கோல்மன் என்ற அயர்லாந்துக்காரர் அளந்து, 1836ஆம் ஆண்டு தேதியிட்டு வெளியான சிங்கப்பூர் நகர வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. அதை கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றி, ஆற்றின் வளைவு, கேனிங் குன்று, சவுத் பிரிட்ஜ் ரோடு என்று நாலைந்து புள்ளிகளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தினேன். பழைய வரைபடம் அச்சு அசலாகப் பொருந்தாது, கொஞ்சம் இங்கே அங்கே இழுக்கும். ஆனாலும் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பழைய கடற்கரைக் கோடு தெலுக் ஆயர் தெருவை ஒட்டியே ஓடுகிறது.

மலாயில் 'தெலுக்' என்றால் வளைகுடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். பெயரிலேயே கடல் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அந்தத் தெருவின் ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் அலை. 1879ல் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. பக்கத்திலிருந்த வாலிச் குன்றை வெட்டி மண்ணைக் கொட்டினார்கள். இன்றைய செசில் ஸ்ட்ரீட், ராபின்சன் ரோடு எல்லாம் அப்படிப் பிறந்தவை. ஷென்டன் வே, மரினா பே அதற்கும் பிறகு வந்தவை.

இது தெரிந்த பிறகு கதவு எண்களைப் பாருங்கள். தர்கா 140, சீனக் கோயில் 158, அல் அப்ரார் 192. எல்லாம் இரட்டைப்படை, பழைய நிலத்தின் பக்கம். எதிர்ச்சாரியில் 235ஆம் எண்ணில் சீன மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1920களில் கட்டியது. கடல் போன பிறகு, கடல் இருந்த இடத்தில் எழுந்த கட்டிடம்.

கரை சேர்ந்தவர்களின் நன்றிக்கடன்

தியான் ஹோக் கெங் 1839-1842ல் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய கோயில். அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே அங்கே ஒரு சின்ன வழிபாட்டிடம் இருந்தது. தெய்வத்தின் பெயர் மாஸு, கடலோடிகளைக் காப்பாற்றும் தாய். ஃபுஜியனிலிருந்து கப்பலில் தப்பிப் பிழைத்து வந்தவன் கரையில் கால் வைத்ததும் முதல் வேலையாக அவளுக்கு ஊதுபத்தி ஏற்றினான்.

நாகூர் தர்கா 1828-1830ல் எழுந்தது. கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அங்கே அவர்களைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். நாகூர் ஆண்டவர் சிங்கப்பூருக்கு வந்ததில்லை, அவர் அடக்கமாகியிருப்பது நாகூரில்தான். இது நினைவுக்காகக் கட்டியது. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அவர் காப்பாற்றிய கதையை எங்கள் ஊரில் எல்லா மதத்துக்காரர்களும் சொல்வார்கள். கீழ்த்தளத்தில் வெள்ளைக்காரப் பாணித் தூண்களும் வளைவுகளும், மேலே குட்டிக் குட்டி ஜன்னல் வைத்த மினார்கள். நாகூரைப் பார்த்தவர்களுக்கு அந்த மினார் உடனே பிடிபடும்.

அல் அப்ரார் 1827ல் ஒரு குடிசையாகத் தொடங்கியது. அதனால் அதன் பழைய பெயர் 'குச்சுப் பள்ளி'. குச்சு வீடு என்று நாம் சொல்கிறோமே, அதே குச்சு. இன்றைய கட்டிடம் 1850களில் வந்தது.

ஆக, இரண்டு நாட்டு மக்கள், இரண்டு மதம், இரண்டு கடற்காவலர்கள், ஒரே கடற்கரை. 'பல்லின நகரம், எல்லோரும் அருகருகே' என்று படம் எடுக்கிறோம். ஆனால் இந்த அக்கம்பக்கத்தை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. சொல்லப்போனால் போட்ட திட்டம் நேர்மாறானது. 1822ல் ராஃபிள்ஸ் கொடுத்த நகரத் திட்டம் சீனருக்கு ஒரு பகுதி, ஐரோப்பியருக்கு ஒன்று, அரபியருக்கு ஒன்று, ஆற்றோரமாகச் சூலியாக்களுக்கு ஒன்று என்று கோடு போட்டுப் பிரித்தது. கோட்டை மீறியது பயம். கடலைக் கண்டு எல்லோருக்கும் ஒரே பயம், இறங்கும் கரையும் ஒன்று. அதனால் நன்றிக்கடனும் ஒரே தெருவில் வந்து சேர்ந்தது.

வராமல் போன கோயில்

அப்படியானால் இந்த வரிசையில் இந்துக் கோயில் எங்கே? முதலில் இந்துக்களுக்கும் தெலுக் ஆயரில்தான் இடம் ஒதுக்கினார்கள். 1819 மே மாதம் ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, அந்த இடம் சரிப்படாது என்றார். காரணம் தண்ணீர். கோயில் காரியங்களுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை. 1821ல் வேறு இடம் கிடைத்தது, அதுவும் 1822 திட்டத்தில் அடிபட்டுப் போனது. கடைசியில் 1823ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் வாங்கி, 1827ல் மரமும் ஓலையுமாகக் கட்டியதுதான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில். இப்போது நாம் பார்க்கும் ராஜகோபுரம் 1925ஐச் சேர்ந்தது.

தண்ணீர்ப் பஞ்சம் கோயிலோடு நிற்கவில்லை. ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுபோனதால்தான் சைனாடவுனுக்கு மலாயில் 'கிரேத்தா ஆயர்', தண்ணீர் வண்டி என்று பெயர். சீனத்திலும் அதே பொருளில்தான் சொல்கிறார்கள்.

நடக்கும் வழி

போன வருஷம் மறுபடி போனபோது இந்தக் கரையையே பாதையாக வைத்துக்கொண்டேன். நீங்களும் போவதானால்:

காலை ஏழேகாலுக்கு தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். அங்கே வருஷம் முழுக்க சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு எழுந்து, ஏழு மணிக்கு விழும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனி மூடிக்கொள்ளும். பைக்குள்ளேயே கால்மணி நேரம் விட்டுவிடுங்கள். குடை கட்டாயம். மழை வந்தால் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கலாம். வீட்டுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதும் அதே 1822 உத்தரவில் வந்ததுதான். தூண்களுக்கு நடுவே தெருவை வைத்துப் படமெடுக்க அருமையான சட்டகம் அது.

முதலில் 76ஆம் எண், ஃபுக் தக் சி. 1824ல் ஹக்கா, கான்டனீஸ் மக்கள் எழுப்பிய வழிபாட்டிடம், இப்போது சின்ன அருங்காட்சியகம். பிறகு தர்கா, தியான் ஹோக் கெங், அல் அப்ரார். சாலையைத் தாண்டி தேவாலயம். தியான் ஹோக் கெங்கின் பின்சுவரில், ஆமாய் ஸ்ட்ரீட் பக்கம், புலம்பெயர்ந்த சீனர்களைப் பற்றிய நீளமான சுவரோவியம் ஒன்று உண்டு. இப் யூ சோங் வரைந்தது. எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது கோயிலின் முதுகு என்பதை மறந்துவிடாதீர்கள். முகம் கடல் பக்கம்.

அங்கிருந்து ஆன் சியாங் குன்றேறி மறுபக்கம் இறங்கினால் சவுத் பிரிட்ஜ் ரோடு. மாரியம்மன் கோயிலும், 1826ல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் ஒரே சாரியில் இருக்கும். பள்ளிவாசலின் வாசல் தெருவோடு ஒத்து நிற்க, தொழுகைக் கூடம் மட்டும் மக்காவை நோக்கித் திரும்பியிருக்கும். அந்தக் கோண வித்தியாசம் நல்ல படம். பக்கத்துத் தெருவின் பெயர் பகோடா ஸ்ட்ரீட். அந்தப் 'பகோடா' நம் மாரியம்மன் கோபுரம்தான்!

நான் போட்ட தப்புக்கணக்கு

முகப்புகள் எல்லாம் தென்கிழக்கைப் பார்க்கின்றன, காலை வெயில் நேரே முகத்தில் விழும் என்று கணக்குப் போட்டு ஏழரைக்கே தர்கா முன்னால் நின்றேன். தெரு முழுக்க நிழல். அண்ணாந்து பார்த்தேன். கடல் இருந்த இடத்தில் நிற்கும் கண்ணாடிக் கோபுரங்கள் சூரியனை மறைத்துக்கொண்டிருந்தன. பழைய வரைபடத்தை வைத்து வெயிலைக் கணித்த முட்டாள்தனம்.

எரிச்சலோடு ஒரு காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் திரும்பி வந்தேன். இரண்டு கட்டிடங்களுக்கு இடையே ஒரு பட்டை வெயில் நழுவி வந்து ஒரு மினார் மேல் மட்டும் விழுந்திருந்தது, மிச்சமெல்லாம் அலுவலகக் கட்டிடத்தின் நிழல். அந்த ஒரு படத்தில்தான் நான் தேடியது இருந்தது. கடலைப் பார்க்கக் கட்டியது, இப்போது ராபின்சன் ரோட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்று. சீனக் கோயிலில் ஒரு பாட்டி கண்ணை மூடி ஊதுபத்தியோடு நின்றார். கேமராவைத் தூக்கிவிட்டு இறக்கினேன். முதல் தடவை போனபோது யோசிக்காமல் எடுத்திருப்பேன். இந்த இடம் எதற்காக வந்தது என்று தெரிந்தபின் கை வரவில்லை. கும்பிடுகிறவர்களை எடுக்காதீர்கள். தேய்ந்த வாசற்படியை எடுங்கள், அது போதும்.

முடிக்கும் இடம்

மத்தியானத்துக்கு முன் தெலுக் ஆயருக்கே திரும்பி, தர்கா வாசலிலிருந்து கடல் இருந்த திசையில் நடங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மரினா பே வந்துவிடும். அந்தச் சபுராளி இறங்கியிருக்கக்கூடிய தண்ணீர் இவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பது காலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நடை.

அங்கேயும் இப்போது கடல் இல்லை. 2008ல் மரினா தடுப்பணை திறந்த பிறகு அது நன்னீர் ஏரி, குடிநீருக்கான தேக்கம். நல்ல தண்ணீர் இல்லையென்று நாராயண பிள்ளை வேண்டாம் என்ற கரைக்கு எதிரே, இன்றைக்குக் கண்ணுக்கெட்டியவரை நல்ல தண்ணீர். கடைசிப் படத்தை அங்கே, நகரத்தின் பக்கம் திரும்பி எடுங்கள். தர்காவும் கோயிலும் அதில் தெரியாது. எந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.