கேட்டலின் மூன்றாம் பொருள்: மாதேஸ்வரன் மலைச் சோளகரும் மக்கள் கருத்தும்

தமிழில் ‘கேள்’ என்ற வினைக்கு மூன்று பொருள் உண்டு: வினவுதல், செவிமடுத்தல், சொன்னபடி நடத்தல். ‘பெரியவங்க சொன்னா கேளு’ என்பதில் உள்ளது மூன்றாவது. வளர்ச்சித் திட்டங்களுக்கான ‘மக்கள் கருத்துக் கேட்பு’ முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. கூட்டத்துக்கு வருபவரோ மூன்றாவதை நம்பி வருகிறார்.

இந்த இடைவெளி உலக அளவிலானது. உலக வங்கியின் 2005ஆம் ஆண்டுப் பழங்குடியினர் கொள்கை, கட்டாயமற்ற, முன்கூட்டிய, தகவலறிந்த ‘கலந்தாலோசனை’யைக் கோரியது. 2007இல் ஐ.நா. பொதுப் பேரவை, இந்தியாவின் வாக்கையும் பெற்று நிறைவேற்றிய பழங்குடியினர் உரிமைப் பிரகடனம் அதே அடைமொழிகளோடு ‘இசைவு’ என்றது. ஆங்கிலத்தில் இரு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதால் சுருக்கப்பெயரில் வேறுபாடு மறைந்துபோகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டகத்தில்தான் வங்கி, அதுவும் சில சூழல்களுக்கு மட்டும், இசைவை ஏற்றது.

இதே இடைவெளி நம் பக்கத்திலும் உண்டு. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள மாதேஸ்வரன் மலை, சேலம், ஈரோடு பக்கத்து அடியவர்களுக்குக் கோயில், சோளகர் என்ற பழங்குடியினருக்கு வாழிடம். 2013இல் சுமார் 906 சதுர கி.மீ. காடு காட்டுயிர் சரணாலயமானது. அதைப் புலிகள் காப்பகமாக்கும் யோசனையும் பல ஆண்டுகளாக இருக்கிறது. காட்டுயிர்ச் சட்டத்தில் 2006இல் சேர்ந்த 38-வி பிரிவைப் படித்தால் ‘கேள்’ எப்படிப் பிளவுபடுகிறது என்று தெரியும். காப்பகத்தின் மையப்பகுதியை வரையறுக்க வல்லுநர் குழுவின் ஆலோசனை. சுற்றுப்பகுதிக்குக் கிராம சபையோடு ஆலோசனை. மக்களை இடம்பெயர்க்க மட்டுமே கிராம சபையின் இசைவு. கோடு போட்டு முடித்த பிறகுதான் இசைவு வேண்டப்படுகிறது. பக்கத்து பிலிகிரிரங்கன் மலையில் 2011 தொடக்கத்தில் காப்பக அறிவிப்பு வந்தது. வன உரிமைச் சட்டப்படி அங்குள்ள சோளகக் கிராம சபைகளின் சமூக உரிமை ஏற்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆனால் வரிசையை மாற்றினால் மட்டும் போதுமா? வீரப்பன் வேட்டைக் காலத்தில் இரு மாநிலக் கூட்டு அதிரடிப்படையின் முகாம் இதே மலையில் இருந்தது. அப்படையின் சித்திரவதை பற்றிய புகார்களை விசாரிக்க 1999இல் நீதிபதி சதாசிவா குழு அமைந்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. சீருடையைக் கண்டால் வாயடைத்துப்போகும் நினைவு உள்ள ஊரில், சீருடை சூழ நடக்கும் கூட்டத்தின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ள எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. அப்படி எழுதிக்கொள்வதை வெறும் நடைமுறைக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

மொழியும் அப்படியே. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டுமென்று தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. சோளகரின் மொழியான சோளகம் அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே மாதேஸ்வரன் மலையில் கூடும் கிராம சபை, வனத்துறை வளாகத்தில் அல்லாமல் சோளகர் குடியிருப்பான தொட்டியிலேயே கூடட்டும்; தீர்மானத்தைச் சோளகத்தில் உரக்கப் படித்துக்காட்டிய பிறகே கைநாட்டு வாங்கட்டும்; ‘வேண்டாம்’ என்று முடிவானால் வரைபடத்தில் கோடு நகரட்டும்.