தமயந்தி காப்பாற்றியதும் காப்பாற்ற முடியாததும்

நளன் கதையைச் சூதின் கதையாகவும் பிரிவின் கதையாகவுமே படித்துப் பழகியிருக்கிறோம். வியாச பாரதத்தின் வனபருவத்தில் வரும் சிறு நிகழ்வொன்றைச் சொத்துரிமை வரலாற்றோடு சேர்த்தும் வாசிக்கலாம். நளன் புட்கரனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அமைச்சரும் நகரமாந்தரும் வாயிலில் வந்து நின்றும் பயனில்லை. ஆட்டம் முடியும்வரை தமயந்தி காத்திருக்கவில்லை. தேர்ப்பாகன் வார்ஷ்ணேயனை அழைத்து, மகனையும் மகளையும் தன் தந்தையின் குண்டினபுரத்துக்கு அனுப்பிவிடுகிறாள். (புகழேந்தியின் நளவெண்பாவில் பிள்ளைகள் பிரிவது நாடிழந்த பிறகு, வியாசரின் தமயந்தி முந்திக்கொள்பவள்.) நான் வாழும் நிக்டி அமைந்துள்ள இதே மராட்டிய மாநிலத்தின் கிழக்கே, அமராவதி மாவட்டத்து வர்தா ஆற்றங்கரைக் கௌண்டண்யபுரமே அந்நகர் என்பது மரபு.

பிள்ளைகளை அவளால் காக்க முடிந்தது. அவர்களுக்குரிய பொருளைக் காக்க வழியிருக்கவில்லை. சூதுக்குத் தப்பியவை அவர்கள் ஏறிச்சென்ற தேரும் குதிரைகளும் மட்டுமே.

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ புதினத்தின் திரு. பென்னட் சூதாடி அல்லர். ஆயினும் ஆண்டு வருவாயில் எதையும் மிச்சம் பிடிக்காதவர். மணவொப்பந்தத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என எழுதிவைக்கப்பட்ட 5,000 பவுண்டு மட்டும் அவர் கைக்கு எட்டாமல் நிற்கிறது. தமயந்திக்குக் கிட்டாத கருவி இதுதான்.

நம் மரபில் இதற்கு இணையானதை மிதாட்சரத்தில் காணலாம். சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தில், கல்யாணியில், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை அது. பாட்டன் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. தந்தை அதை மனம்போல விற்க இயலாது. கள், காமம், சூது ஆகியவற்றுக்காகத் தந்தை பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டியதில்லை என்பது மூல ஸ்மிருதியின் விதி. நளனை மனத்தில் வைத்தே எழுதியது போலிருக்கிறது! (அரசு என்பது பாகம் பிரிக்கும் குடும்பச் சொத்தன்று என்று சட்டம் பயின்றோர் மறுக்கலாம், மறுப்பு நியாயமே.) ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களில் இக்கவசம் ஓட்டையாயிற்று. கடன் ஒழுக்கக்கேட்டுக்காகப் பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை மகன்மேல் விழுந்தது. தந்தையின் கெட்ட நடத்தையைப் பொதுவாகச் சொன்னால் போதாது.

மொழியியல் மாணவனாக என்னை நிறுத்துவது அந்தக் குழந்தைகளின் பெயர்கள். வடமொழியில் மகன் இந்திரசேன, மகள் இந்திரசேனா. வேறுபாடு ஈற்று உயிரின் நீட்சி ஒன்றே. அந்த ஒரு மாத்திரையில் மிதாட்சரத்தின் பிறப்புரிமை மகளுக்கு இல்லாமற்போனது. தமிழ்நாடு 1989இலும் மராட்டியம் 1994இலும் அதைத் திருத்தியபோதும், அதற்குமுன் மணமான மகளிர் விலக்கப்பட்டனர். நாடு தழுவிய திருத்தம் 2005இல் வந்தது. அன்று தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2020இல்தான் தீர்த்தது: வேண்டியதில்லை.