ஊற்றைத் தொட்டு ஊற்றுக்குப் போகும் சாலை: ஊட்னடாட்டா தடத்தின் கதை

இந்த எபிசோடில் நாம் போகப்போவது ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கிற பாலைவனத்துக்கு.

"கேரவன்" என்றதும் நம்ம ஊரில் ஞாபகம் வருவது, ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் உட்காரும் ஏசி வண்டி. ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. ஆனால் அந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகர்களைக் குறித்த சொல் அது. தமிழில் அந்தக் கூட்டத்துக்குச் "சாத்து" என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனோட அப்பா மாசாத்துவான் இருக்கார் இல்லையா, அந்தப் பெயருக்குள்ளேயே சாத்து இருக்கு.

இந்த இரண்டு வகைக் கேரவனும் போன ஒரு சாலை இருக்கு. பெயர் ஊட்னடாட்டா தடம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ என்ற சின்ன ஊரில் தொடங்கி, சுமார் 620 கி.மீ. மண் சாலையாகவே போய், மார்லாவில் தார்ச்சாலையைத் தொடுகிறது. ஒரு ஜூலை மாதம், குளிர்காலத்தில், நண்பர்கள் நாலு பேர் ஒரு கேரவனை இழுத்துக்கொண்டு அந்த வழியில் போனோம்.

மாரீயில் சாலை திறந்திருக்கா, மூடியிருக்கா என்று போர்டு வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மீறிப் போனால் அபராதம். அங்கேயே டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். சாலை முழுக்கத் தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கும். முதல் நாள் சாயங்காலம் கேரவன் அலமாரியைத் திறந்தால் பருப்பு, மிளகாய்ப்பொடி, சர்க்கரை எல்லாம் ஒன்றாகிக் கிடந்தது.

இரண்டாம் நாள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்லாத சமவெளி. நேரா கோடு போட்ட மாதிரி ரோடு போட்டிருக்கலாமே? எதுக்கு இப்படி வில்லு மாதிரி வளைஞ்சு போகுது?"

இந்த எபிசோடே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அந்தப் பாலைவனத்துக்குக் கீழே ஒரு பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. பரப்பளவு சுமார் 17 லட்சம் சதுர கி.மீ., ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கே மலைத்தொடரில் பெய்த மழை பாறைக்குள் இறங்கி, மிக மெதுவாக மேற்கே நகர்ந்து வருகிறது. சில இடங்களில் அந்தத் தண்ணீரின் வயது பத்து லட்சம் ஆண்டுகளைத் தாண்டும். படுகையின் தென்மேற்கு ஓரத்தில் அது ஊற்றாக மேலே வருகிறது. தண்ணீரோடு வரும் உப்பும் மண்ணும் படிந்து படிந்து சின்ன மேடாகிவிடும். மேட்டு உச்சியில் ஊற்று. இப்படிப்பட்ட ஊற்றுகள் ஒரு வில் வடிவில் வரிசையாக இருக்கின்றன. அந்த வில்லின் மேலேதான் நாங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தோம்.

இந்த வரிசையை முதலில் தெரிந்துவைத்திருந்தவர்கள் அந்த மண்ணின் அரபனா மக்களும் அவர்களுடைய அண்டை மக்களும். ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்து, தெற்கே ஃபிளிண்டர்ஸ் மலையிலிருந்து செங்காவி கொண்டு வந்தார்கள். 'பப்ளர்' என்ற ஊற்றைப் பார்த்தோம். நடுவில் மணல் கொதிக்கிற மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கிறது. கொல்லப்பட்ட ஒரு பெரிய பாம்பின் துடிப்பு அது என்பது அரபனா கதை.

வரைபடத்தில் இந்த வழியைச் சேர்த்த பெருமை ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்பவருக்குப் போகிறது. 1858இல் தொடங்கி பல பயணங்கள் செய்து, 1862 ஜூலையில் வடக்குக் கடற்கரையை எட்டினார். முதல் பயணத்தில் அவரோடு போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்காரர், பெயர் இருக்கிறது. இன்னொருவர் பழங்குடி வழிகாட்டி. அவருடைய பெயர் பதிவாகவே இல்லை. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

ஸ்டூவர்ட் போன வழியைப் பெரும்பாலும் ஒட்டித் தந்திக் கம்பி வந்தது. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை சுமார் 3,200 கி.மீ., சுமார் 36,000 கம்பங்கள். 1870இல் தொடங்கி 1872 ஆகஸ்டில் இணைத்துவிட்டார்கள். டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கு. அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, அப்புறம் நம்ம சென்னை. ஆமாம், அடிலெய்டிலிருந்து லண்டனுக்குப் போன தந்தி அன்றைய மெட்ராஸ் வழியாகத்தான் போனது. இந்தப் பாலைவனத்தில் செய்தியை வாங்கி மறுபடி அனுப்ப நிலையங்கள் வேண்டும், அங்கே ஆட்கள் தங்க வேண்டும். அதனால் நிலையங்களும் ஊற்றுப் பக்கம்தான். ஸ்ட்ராங்வேஸ் ஊற்றில் அந்தக் கல் கட்டடங்களின் இடிபாடு இன்னும் நிற்கிறது.

சரி, இவ்வளவு சாமானை யார் சுமந்தது? ஒட்டகங்கள். 1866இல் கராச்சியிலிருந்து 120க்கும் மேற்பட்ட ஒட்டகங்களும் சுமார் 30 ஒட்டகக்காரர்களும் போர்ட் அகஸ்டாவில் வந்து இறங்கினார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். எல்லோரையும் "ஆப்கன்" என்றே கூப்பிட்டார்கள். ஆனால் பலர் பலூச்சிகள், பஞ்சாபிகள், சிந்திகள். கம்பளி, மாவு, தேயிலை, இரும்பு என்று ஊருக்குத் தேவையான எல்லாம் அவர்கள் வழியாகத்தான் வந்தது. நல்ல ஆண் ஒட்டகம் 400 கிலோவுக்கு மேல் சுமக்கும்.

1884இல் மாரீக்கு ரயில் வந்தது, 1891இல் ஊட்னடாட்டாவுக்கு. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே, அதனால் ரயிலும் அதே வில்லில்தான் போனது. மாரீயில் அந்தத் தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடி மக்களும். மறுபக்கத்தில் மண் சுவரில் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள், பேரீச்ச மரங்கள் வைத்தார்கள். 1901இல் வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. குடியுரிமையும் இல்லை, ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவரவும் முடியவில்லை. அப்புறம் லாரி வந்தது. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டகங்களை அழிக்கவே ஒரு சட்டம் போட்டது. பலர் கூடவே வாழ்ந்த ஒட்டகங்களைச் சுட மனமில்லாமல் அவிழ்த்து விட்டார்கள். இன்று அங்கே திரியும் காட்டு ஒட்டகங்கள் அவற்றின் வழிவந்தவைதான்.

1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்ட அந்த ரயிலுக்கு "கான்" என்று பெயர் நிலைத்தது, "ஆப்கன்" என்பதன் சுருக்கமாக. ஆளுக்குக் குடியுரிமை இல்லை, ரயிலுக்குப் பெயர் உண்டு! வெள்ளத்தில் அடிக்கடி அரித்துப்போன அந்தப் பழைய பாதையை 1980இல் மூடி, மேற்கே புதுப் பாதை போட்டார்கள். மிச்சம் இருப்பது இந்த மண் சாலை, பாலங்கள், சிலீப்பர் கட்டைகள்.

அப்போ இது முடிந்துபோன கதையா? இல்லை. ஊற்று வரலாற்றுப் பொருள் இல்லை, இன்றைக்கும் ஓடுகிற தண்ணீர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து படுகையில் ஆயிரக்கணக்கான போர்வெல் போட்டு, பலவற்றை மூடாமலே ஓட விட்டார்கள். அழுத்தம் குறைந்து, கிழக்கே பல ஊற்றுகள் செத்துவிட்டன. பிறகு பல போர்வெல்களை அரசின் நிதி உதவியோடு மூடியிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சாலைக்குத் தெற்கே உள்ள ஒலிம்பிக் டேம் சுரங்கம் இதே படுகையிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. 2012இல் நீதிமன்றம் அரபனா மக்களின் நில உரிமையை ஏற்றுக்கொண்டது. ஊற்றுகள் வற்றுவது பற்றிய அவர்களுடைய கவலை இன்னும் தீரவில்லை.

பெயர் பதிவாகாத அந்த வழிகாட்டியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? ஆராய்ச்சிப் பயணி, தந்தி, ரயில், இப்போ எங்க கேரவன் வரை எல்லாமே போனது அவரைப் போன்றவர்களுக்குத் தெரிந்திருந்த தண்ணீர் வழியில்தான்.

உங்க ஊர்ப் பக்கம் காரணமே இல்லாம வளைஞ்சு போற பழைய ரோடு ஏதாவது இருந்தா, ஏன்னு பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பதில் கிடைச்சா எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.