கண்ணில் 'புஸ்'ஸென்று காற்று: திரையில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கண் பரிசோதனைக்குப் போயிருக்கிறீர்களா? முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்வார்கள். அடுத்த நொடி கண்ணில் 'புஸ்'ஸென்று காற்று அடிக்கும். திடுக்கிட்டுப் பின்னால் நகர்வோம். திரையில் ஓர் எண் வரும்: 14, 17, 20...

அதுதான் உங்கள் கண்ணழுத்தம். அது எப்படி அளக்கப்படுகிறது? ஒரே ஓர் எண்ணை வைத்து நிம்மதியாக இருக்கலாமா?

கண்ணுக்குள் ஏன் அழுத்தம்?

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிவான திரவம் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிகிறது. வடிவது தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பாதிக்கப்படலாம். இதுதான் குளுக்கோமா எனும் கண்ணழுத்த நோய்.

பெரும்பாலும் வலியே இருக்காது. முதலில் ஓரப் பார்வை குறையும். நமக்குத் தெரியவும் தெரியாது. போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்து, லேசர், அறுவைச் சிகிச்சை எல்லாமே அழுத்தத்தைக் குறைக்கத்தான். அதனால், அளவு தவறினால் சிகிச்சை தள்ளிப்போகலாம்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம்.

எப்படி அளக்கிறார்கள்?

பந்தில் காற்று போதுமா என்று விரலால் அழுத்திப் பார்ப்போம் இல்லையா? அதே யோசனைதான்.

- 1905: நார்வே மருத்துவர் யால்மார் ஷியோட்ஸின் கருவி. கண்ணின் மேல் சிறிய எடையை வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார்கள்.
- 1950கள்: சுவிட்சர்லந்தில் ஹான்ஸ் கோல்ட்மன் உருவாக்கிய கருவி. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, கார்னியாவில் 3.06 மில்லிமீட்டர் அகல வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவை என்று கணக்கிடும். மற்றக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் இதுதான் அளவுகோல்.
- 1970கள்: காற்றடிக்கும் கருவி. கண்ணைத் தொடவே தேவையில்லை.
- 2000கள்: பின்லாந்தில் உருவான துள்ளல் கருவி. மிகச் சிறிய முனை ஒன்று கண்ணைத் தொட்டுத் துள்ளித் திரும்பும். அது திரும்பும் விதத்தை வைத்து அழுத்தம் கணக்கிடப்படும். மரக்கச் செய்யும் மருந்து வேண்டாம், பிள்ளைகளுக்குச் சுலபம்.

முதல் சிக்கல்: தடிமன்

கார்னியா என்பது கருவிழிக்கு முன்னால் இருக்கும், கண்ணாடி போன்ற படலம். அது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது என்று வைத்துக்கொண்டுதான் கோல்ட்மன் கணக்கிட்டார். ஆனால் எல்லாருக்கும் அப்படி இருக்காது. தடித்த தோல் கொண்ட பந்து, காற்று குறைவாக இருந்தாலும் கெட்டியாகத் தெரியும். அதுபோல, கார்னியா தடிமனாக இருந்தால் எண் கூடுதலாகவும், மெல்லியதாக இருந்தால் குறைவாகவும் காட்டலாம்.

இளையர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிட்டப்பார்வைக்கான லேசிக் சிகிச்சை கார்னியாவை மெல்லியதாக்குகிறது. உள்ளே அழுத்தம் மாறியிருக்காது; திரையில் எண் மட்டும் இறங்கும். கிட்டப்பார்வை அதிகமாக உள்ளவர்களுக்குக் குளுக்கோமா வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். கண்ணாடி போட வேண்டியதில்லை என்பதற்காக அந்த வாய்ப்பு குறைந்துவிடாது.

எண்ணைத் துல்லியமாகத் திருத்த, எல்லாருக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. அதனால் மருத்துவர்கள் கார்னியாவின் தடிமனையும் தனியாக அளக்கிறார்கள். கார்னியாவைத் தட்டையாக்காமல், அதன் வளைவோடு பொருந்தி அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. அவற்றில் தடிமனின் பாதிப்பு குறைவு.

இரண்டாவது சிக்கல்: நேரம்

கண்ணழுத்தம் நாள் முழுக்க மாறும். படுத்தால் ஏறும். பலருக்கு இரவிலோ அதிகாலையிலோதான் உச்சத்தைத் தொடும். அப்போது மருந்தகம் மூடியிருக்குமே!

அந்த இடைவெளியை நிரப்ப முயற்சிகள் நடக்கின்றன. நோயாளியே வீட்டில் அளக்கும் துள்ளல் கருவிக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சுவிஸ் நிறுவனம் ஒன்றின் உணர்கருவி பொருத்திய காண்டாக்ட் லென்சுக்கும் அங்கு அனுமதி கிடைத்தது. அதை 24 மணி நேரம் அணியலாம். ஆனால் அது அழுத்தத்தை எண்ணாகச் சொல்லாது. கண்ணின் வடிவில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களைத்தான் பதிவுசெய்யும். கண்ணுக்குள்ளேயே பொருத்தும் உணர்கருவி ஜெர்மனியில் உருவாக்கப்பட்டுள்ளது.

எண் சரியாக இருந்தால் கவலை இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. அதில் பரவலான வகைக் குளுக்கோமா இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்குக் கண்ணழுத்தம் 21 அல்லது அதற்கும் குறைவு. அதனால்தான் மருத்துவர்கள் பார்வை நரம்பையும் ஓரப் பார்வையையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- லேசிக் செய்திருந்தால் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முந்தைய அளவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.
- அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் யாருக்காவது குளுக்கோமா இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
- ஸ்டீராய்டு சொட்டு மருந்து அழுத்தத்தை ஏற்றலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து போடாதீர்கள்.
- அளக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். கழுத்தை இறுக்கும் பொத்தானையோ டையையோ தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டுமே எண்ணை ஏற்றக்கூடும்.
- திடீரென்று கடும் கண்வலி, மங்கலான பார்வை, விளக்கைச் சுற்றி வளையம், வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.