பள்ளிச் சான்றிதழும் முதல் உத்தியோகமும்

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பிள்ளைக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும்? தலைமுறைதோறும் நம் இல்லங்களில் எழுந்துவரும் வினா இது. வினா மாறவில்லை, விடைதான் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதலிய கடற்கரையூர்களில் பல குடும்பங்களுக்கு அவ்விடை ‘சபர்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. கொழும்பிலோ இரங்கூனிலோ பினாங்கிலோ மாமாவோ பெரியவாப்பாவோ கடை வைத்திருப்பார். பிள்ளை கப்பலேறுவான், கடையிலேயே உண்டு உறங்கித் தொழில் பழகுவான். அங்கே சான்றிதழைக் கேட்பார் இல்லை. இன்னார் மகன் என்பதே போதுமான சான்றாயிற்று.

சென்னை மாகாண அரசு அலுவலகங்களின் நிலை வேறு. எழுத்தர் வேலைக்கே எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி கேட்கப்பட்டது. வயதையும் மதிப்பெண்ணையும் தாங்கிய அச்சான்றிதழ்ப் புத்தகத்தோடு தட்டச்சுத் தேர்ச்சியும் இருந்தால் பிள்ளைக்கு மதிப்புக் கூடியது.

ஆனால், தகுதி மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை. உத்தியோகங்கள் ஒரு சில வகுப்பாரிடமே குவிந்திருந்தன. நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புரிமை ஆணையைப் பிறப்பித்தது. அதன் வழியில் அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் 1928-இல் திட்டவட்டமான பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என வகுக்கப்பட்டது. 1929-இல், மாகாணங்களுக்குள் முதன்முதலாக, சென்னையில் சர்வீஸ் கமிஷன் அமைந்தது.

இவ்வேற்பாடும் நிலைத்து நிற்கவில்லை. 1947-இல் பங்கீடு 14 இடங்களாகத் திருத்தப்பட்டபோது நம் பங்கு 1 ஆயிற்று. 1951-இல் வேங்கடரமணா வழக்கில், மதத்தையும் சாதியையும் கொண்டு பதவிகளைப் பகிர்ந்த அம்முறை அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடல் கடந்த கதவுகளின் கதையும் இதுவே. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். 1964-இல் பர்மிய இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கிற்று. ‘இன்னார் மகன்’ என்ற சான்று செல்லுபடியான கடையே இல்லாமற் போயிற்று.

தாயகத்தில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இருந்தன. 1945-இல் போரிலிருந்து மீண்ட படைவீரர்க்கெனத் தொடங்கப்பெற்ற அவை 1948-இல் அனைவருக்கும் திறக்கப்பட்டன. காலியிடங்களை இவ்வலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டுமென 1959-இல் சட்டம் இயற்றப்பட்டது. அறிவிப்பதைத்தான் அச்சட்டம் கட்டாயமாக்கியது. அங்குப் பதிந்தவரையே அமர்த்த வேண்டுமென்று கூறவில்லை. ஆகவே பதிவு அட்டை பெற்றோர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. நீண்டகாலக் கோரிக்கையின் பயன் அது. எனினும், 1928-இன் 2 இடமாயினும் 2007-இன் 3.5 விழுக்காடாயினும், தேர்வில் தேறி விண்ணப்பித்தவனுக்கே பயன் தந்தது. படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைக்கு அது வெறும் எண்ணே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கடையையும் ஒதுக்கீட்டையும் பிறர் திறந்தனர், பிறரே அடைத்தனர். எவராலும் பறிக்க முடியாமல் பிள்ளையோடு நின்றது அவன் கற்ற கல்வியே. சபர் செல்வதை நாம் குறைகூறவில்லை. நம் ஊர்களை வாழவைத்தது அது. செல்லும் பிள்ளை படிப்பை முடித்துவிட்டுச் செல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.