மோட்டார் இயந்திரத்தின் வலுவும் யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெயும்

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த வண்டி எத்துணைக் குதிரைவலுப் பெற்றது, எவ்வாண்டில் எவர் முந்தினார் என்பனவே ஏடுகளை நிரப்புகின்றன. வலுக் குன்றியும் ஓட்டம் நில்லாத இயந்திரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் ஓர் அத்தியாயம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிகழ்ந்தது. அதனைச் செவ்வனே உணர்வதற்கு, இயந்திரம் வலுப்பெறும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

பெற்றோல் இயந்திரம் எரிபொருள் ஒன்றினால் மாத்திரம் இயங்குவதன்று. ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிதற்கு நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஆகவே, உருளையினுட் புகும் காற்றின் அளவே வலுவின் எல்லையை வகுக்கின்றது. இவ்வெல்லையைக் கடத்தற்கு வழிகள் மூன்று: உருளையைப் பெரிதாக்கல், சுழற்சியை விரைவாக்கல், காற்றை வலிந்து உட்செலுத்தல். மூன்றாவது வழிக்குரிய கருவியே சுப்பர்சார்ஜர் எனப்படும் மிகையூட்டியாகும்.

இக்கருவியின் முன்னோடி மோட்டார் வண்டிக்கும் முந்தியது. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர் 1860 இல் காப்புரிமை பெற்ற சுழல் ஊதி, உலைகளுக்குக் காற்றூட்டப் பயன்பட்டது. ஜேர்மானியரான கொட்லீப் டைம்லர் 1885 இல் இக்கருத்தை உள்ளெரி இயந்திரத்திற்குப் பொருத்தினார். 1921 இல் பேர்லின் கண்காட்சியில் மிகையூட்டி பூண்ட மெர்சிடிஸ் கார்கள் வைக்கப்பட்டன. 1923 இல் மொன்சா ஓட்டப் பந்தயத்தில் அத்தகைய பியற் கார் வெற்றி பெற்றது. அதன்பின் பந்தய வண்டிகளுக்கு மிகையூட்டி இன்றியமையாததாயிற்று.

ஆயினும், காற்றை மேன்மேலும் திணித்தால் வலுவும் மேன்மேலும் பெருகும் என்று கருதுதல் தவறு. நெருக்கப்பட்ட காற்று சூடேறும். சூடு மிகுந்தவிடத்து, தீச்சுடர் பரவி வருமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடித்து உருளையைத் தாக்கும். இதனைத் தட்டுதல் என்பர். இதனைத் தாங்கும் ஆற்றலை ஒக்டேன் எண் காட்டுகின்றது. மிகையூட்டியை உயர்த்தி எரிபொருளை உயர்த்தாது விடின், இயந்திரம் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்.

இவ்வுண்மை இரண்டாம் உலகப் போரிலே தெளிவாயிற்று. 1940 இல் பிரித்தானிய விமானப்படை 100 ஒக்டேன் பெற்றோலைக் கைக்கொண்டது. அதனால் மேர்லின் இயந்திரத்தின் மிகையூட்டல், சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தலிலிருந்து 12 இறாத்தலுக்கு உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 1,000 குதிரைவலு தந்த இயந்திரம் தாழ்ந்த உயரங்களில் 1,300 வரை தந்தது. 1942 சித்திரை 5 ஆம் நாள் கொழும்பையும், 9 ஆம் நாள் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்கள் மேர்லின் பூண்டவையே. பலாலி விமானத்தளம் அமைக்கப்பட்டதும் அப்போர்க் காலத்திலேயாம்.

உயர்ந்த பெற்றோல் வானுக்குச் சென்றமையால், தாழ்ந்த பெற்றோலே தரைக்கு எஞ்சியது. பிரித்தானியாவில் 1939 முதல் 1953 வரை பொதுமக்களுக்குக் கிடைத்தது வணிகப் பெயரற்ற, ஒக்டேன் குறைந்த பெற்றோலாகும். அதற்கேற்பவே 1947 இல் வந்த ஒஸ்ரின் ஏ40, 1948 இல் வந்த மொறிஸ் மைனர் முதலிய கார்கள் ஏறத்தாழ 7 இற்கு 1 என்னும் தாழ்ந்த நெருக்கல் விகிதத்துடன் ஆக்கப்பட்டன. இவை இலங்கைக்கும் வந்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியர், வணிகர், வாடகைக்கார் உரிமையாளர் முதலியோர் கைக்குச் சேர்ந்தன. பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியமையால், புதியன வாங்குவதினும் பழையன பேணுதலே வழக்கமாயிற்று. பட்டறைகளில் ஒரு தலைமுறை இப்பேணுகையிலே பயின்றது. வயல்களிலும் தோட்டங்களிலும் துலாவின் இடத்தைப் பிடித்த நீரிறைக்கும் இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. ஆகவே அந்நுட்பமும் இம்மண்ணுக்குப் புதிதன்று.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் புகையிரதமும் மின்சாரமும் நின்றன. பெற்றோல், டீசல், மின்கலம் முதலிய பலவும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அதுவே விளக்குக்கும் அடுப்புக்கும் நீரிறைப்புக்கும் வேண்டியிருந்தது. மோட்டார் வண்டிகளும் அதனையே நாடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால், சிறு போத்தலில் அரிதாகச் சேமித்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்குவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய் தொடரும். சூடேறிய காற்று செறிவு குறைந்தது. ஆதலின் உருளையுட் புகும் காற்றின் நிறை குறையும். மிகையூட்டி செய்வதற்கு நேர்மாறான செயல் இதுவாகும். ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தமையால் தட்டுதலும் நேரும். வலுக் குன்றும், வெண்புகை கண்ணைக் கரிக்கும், தீப்பொறிச் செருகியிற் கரி படியும், எரியாத மண்ணெண்ணெய் கசிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். இத்துணைக் குறைகளுடனும் வண்டி ஓடியது. நெருக்கல் விகிதம் உயர்ந்த புதிய கார்கள் இடர்ப்பட, தாழ்ந்த பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட பழைய ஒஸ்ரினும் மொறிசும் இவ்வெண்ணெயைப் பெரிதும் ஏற்றுக்கொண்டன. விமானத்தின் மிகையூட்டிக்காக நாட்டவர் விட்டுக்கொடுத்த ஒக்டேன், அரை நூற்றாண்டு கழிந்து, யாழ்ப்பாணத் தெருவிலே எதிர்பாராப் பயன் தந்தது எனலாம்.

1995 ஐப்பசி 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். பெரும்பாலோர் நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் சென்றனர். ஓடத்தக்க நிலையிலிருந்த ஒவ்வொரு வண்டியும் அந்நாளில் முதியோர்க்கும் பிணியாளர்க்கும் உயிர்க்காவலாயிற்று. குதிரைவலுக் கணக்கில் அடங்காத பெறுமதி அது.

2002 இல் தடைகள் தளர்ந்து, ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2006 இல் அது மீண்டும் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. 1956 இல் தொடங்கி, 1990 இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திய யாழ்தேவி 2014 ஐப்பசியில் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது. இன்று வெளியேற்று வாயுவாற் சுழலும் மிகையூட்டி பூண்ட டீசல் வாகனங்கள் குடாநாட்டுச் சாலைகளில் மலிந்துள்ளன. ஒஸ்ரின் ஏ40 போருக்குப் பின்னரும் வாடகைக்காராக ஓடியது, இப்பொழுது அரிதாகிவிட்டது.

பேர்லினிலும் மொன்சாவிலும் காற்றைத் திணித்து வலுவைப் பெருக்கியோர் பெயர் நூல்களில் உள. காற்றும் எரிபொருளும் குன்றிய நிலையில் இயந்திரத்தை இயக்கிய யாழ்ப்பாணத்துப் பட்டறைத் தொழிலாளர் பெயர் நூல்களில் இல. அவருட் பலர் முதுமையடைந்துள்ளனர். அவர்தம் கைந்நுட்பம் நினைவிலன்றி எழுத்தில் நிலைபெறவில்லை. இயந்திரங்கள் பழைய இரும்புக்குச் செல்வதைத் தடுத்தல் இயலாதாயினும், அவற்றை இயக்கிய அறிவை மறதிக்குச் செல்லவிடாது தடுத்தல் இயலும். மாணவர் பட்டறைதோறும் சென்று, கேட்டு, எழுதிவைத்தல் வேண்டும். பெருநூல்கள் கூறாது விட்டவற்றைக் கூறுதல் உள்ளூர் வரலாற்றின் முதற் கடனாகும்.