நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா?

சித்திரை மாதத்தில் வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்திற்குச் சென்றிருக்கிறீர்களா? மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவையொட்டி அங்குக் கூடும் மாட்டுச் சந்தை கொங்கு நாட்டில் பெயர் பெற்றது. காங்கயம் கன்று வாங்க வந்த விவசாயி ஒருவர் என்ன செய்கிறார் என்று சற்று நின்று கவனியுங்கள். பல்லைப் பார்ப்பார், வயது தெரிந்துவிடும். சுழியைப் பார்ப்பார், அது நம்பிக்கை. நடக்கவிட்டுக் கால்களைப் பார்ப்பார். ஆனால் கன்றின் நிறத்தைக் கண்டு மயங்கமாட்டார். காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்திற்கு மாறும் என்பது அவர் அறிந்ததே. ஆகவே, “தாய் எது? எந்தக் காளைக்குப் பிறந்தது?” என்று கேட்பார்.

அதே விவசாயியின் மகன், கண்காட்சியில் பரிசு பெறத்தக்க நாய்க்குட்டி ஒன்றை வாங்கப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தந்தை கேட்ட கேள்வியை அவன் கேட்பதில்லை. கூடையில் உள்ளவற்றுள் மிக வெண்மையான குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். அழகைக் கண்ணால் கண்டே பரிசு கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது? அதனால் நாய்களுக்கு என்ன நேர்ந்தது? இதை அறிந்துகொண்டால் குட்டியைத் தேர்ந்தெடுக்கும் வழியும் விளங்கும்.

1859: இரண்டு நிகழ்ச்சிகள்

1859-ஆம் ஆண்டு ஜூன் 28, 29 ஆகிய நாள்களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மண்டபத்தில் ஒரு நாய்க் கண்காட்சி நடைபெற்றது. முறையாக நடத்தப்பட்ட முதல் நாய்க் கண்காட்சி இதுவே என்பர். பாயின்டர், செட்டர் என்னும் வேட்டை நாய் இனங்கள் இரண்டுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. வந்த நாய்கள் 60.

அதுவரை வேட்டை நாயின் தகுதி காட்டில்தான் அறியப்பட்டது. மோப்பம் பிடித்ததா, சொன்ன சொல் கேட்டதா என்பவையே கேள்விகள். மண்டபத்திலோ நாய் அசையாமல் நின்றது. நடுவர் அதன் தலையையும் வாலையும் அளந்து பார்த்தார். 1873-இல் இலண்டனில் ஷெர்லி என்பவரின் முயற்சியால் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே நாய்களின் வம்சாவளி ஏடு வெளிவந்தது. காலப்போக்கில் ஒவ்வோர் இனத்திற்கும், காது இப்படி, வால் இப்படி, நிறம் இப்படி என்று இலக்கணம் எழுதப்பட்டது. ஏட்டில் உள்ள பெற்றோருக்குப் பிறந்த குட்டிக்கே ஏட்டில் இடம் என்னும் விதியும் நிலைபெற்றது.

அதே 1859-ஆம் ஆண்டு நவம்பரில் சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூல் வெளிவந்தது. அதன் முதல் அதிகாரத்திலேயே, நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிற்பதிப்புகளில், உடல் முழுதும் வெண்மையான நீலக்கண் பூனைகள் என்று அதைத் திருத்தினார். மனிதன் ஏதேனும் ஒரு பண்பை விரும்பித் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், தான் அறியாமலே வேறு பண்புகளையும் மாற்றிவிடுவான் என்பது அவர் கண்ட முடிவு. கண்காட்சி தொடங்கிய ஆண்டிலேயே அதற்கான எச்சரிக்கையும் அச்சாகிவிட்டது!

நிறமும் செவியும்

நிறத்திற்கும் கேள்விக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். கருவில் முதுகுப்பக்கம் தோன்றும் நிறமிச் செல்கள், அங்கிருந்து உடலெங்கும் நகர்ந்து செல்கின்றன. சில தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகின்றன. சில கண்ணை அடைகின்றன. சில உட்காதுக்குச் செல்கின்றன. உட்காதில் நத்தை ஓடு போன்ற பகுதியை ஒரு நீர்மம் நிரப்பியிருக்கிறது. அதில் பொட்டாசியம் மிகுந்திருந்தால்தான் ஒலியை உணரும் செல்கள் வேலை செய்யும். அந்த நிலையைக் காப்பதில் நிறமிச் செல்களுக்கும் பங்குண்டு. அவை காதுவரை வந்து சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் ஒலி உணரும் செல்கள் அழிந்துவிடுகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை.

டால்மேஷியன் என்னும் புள்ளி நாயை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில், 100-க்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை. ஆனால் வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று எண்ணிவிடாதீர்கள். நிறமிச் செல்கள் இருந்தும் அவை நிறத்தை மட்டும் குறைவாக ஆக்கும் வெள்ளை இனங்களும் உண்டு. அவற்றின் செவிக்குக் குறைவில்லை.

நம் நாட்டு நாய்கள்

தமிழ்நாட்டில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாய்கள் புகழ் பெற்றவை. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இராஜபாளையம் இடம்பெற்றது. 2020-இல் அரசின் இனப் பதிவேட்டில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மூன்று நாய் இனங்களுள் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அடங்கும். மற்றொன்று கர்நாடகத்தின் முதோல்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டையைத் தடுத்தன. அது நல்லதே. ஆனால் வேலையைக் கொண்டு நாயை மதிப்பிடும் வாய்ப்பும் அதனுடன் மறைந்தது. தோற்றம் முன்னே வந்தது. இராஜபாளையம் நாயில் பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் போற்றப்பட்டன. நிறம் மாறிய குட்டிகள் ஒதுக்கப்பட்டன. இளஞ்சிவப்பு மூக்கு அழகுதான். ஆனால் அங்கே நிறமி இல்லை என்பதற்கு அது அடையாளம். இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிவர்.

மேலைநாடுகளும் தாமதமாகவே விழித்துக்கொண்டன. பெரிய தலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட புல்டாக் இனத்தில், பத்தில் எட்டுக்கு மேற்பட்ட ஈற்றுகள் அறுவையால் நிகழ்வதாக 2010-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. 2008-இல் பி.பி.சி. தொலைக்காட்சி இத்தகைய கேடுகளைப் படமாக்கிக் காட்டியது. மறு ஆண்டு, புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை அது ஒளிபரப்பவில்லை.

வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் தந்தையையும் பாருங்கள். இரண்டு மாதக் குட்டி பரிசு பெறும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. தாடையும் பல்வரிசையும் வளர வளர மாறும். பால் பற்கள் விழுவதே நான்காம் மாதத்திற்குப் பிறகுதான். ஆனால் தாய் எப்படி நடக்கிறது, அந்நியரைக் கண்டு நடுங்குகிறதா என்பவற்றை அன்றே காணலாம்.

அடுத்து, வம்சாவளிச் சான்றிதழைப் படியுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவு, குட்டியின் முன்னோர் யார் என்று கூறும். உடல்நலத்திற்கு அது உறுதி ஆகாது. தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மறைந்து கிடக்கும் குறையுள்ள மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் பல நோய்கள் வெளிப்படுகின்றன. நெருங்கிய உறவில் இணை சேர்த்தால் அந்த வாய்ப்புப் பெருகும்.

மூன்றாவதாக, செவியைச் சோதியுங்கள். குட்டி உறங்கும்போது, அதன் கண்ணில் படாமல் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். விழித்துத் திரும்பினால் ஒரு காதாவது கேட்கிறது என்று கொள்ளலாம். மற்றக் காதையும் அறிய, மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவி வேண்டும். ஒரு காது கேளாத நாய் வீட்டில் நன்றாகவே வாழும்; ஆனால் அதை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது. இரு காதும் கேளாத நாய்க்கோ, கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரியின் ஒலி எட்டாது.

ஆண் குட்டியாயின் இரு விரைகளும் இறங்கியிருக்க வேண்டும். இல்லையேல் கண்காட்சியில் தகுதி இல்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். அதை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே கூறுகின்றன. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில்தான் குட்டி பிற நாய்களோடும் மனிதரோடும் பழகக் கற்கிறது என்பதை அமெரிக்க அறிஞர்கள் ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர்.

ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளுள் பரிசு பெறுபவை மிகச் சில. பரிசு கிடைக்கவில்லை என்று தெருவில் விடப்படும் நாய் என்ன ஆகும்? தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்லும் துயரத்தை வெள்ளகோவில், காங்கயம் பகுதி விவசாயிகள் நன்கு அறிவர். கோப்பை வராவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இதற்குச் சோறு போடுவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்று விடை வந்த பிறகு, கண்ணபுரத்து விவசாயியைப் போல, “தாய் எது?” என்று கேட்டுக்கொண்டு கூடையருகே செல்லுங்கள்.